திருமணம் நடந்த தேதி

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ரெஜிஸ்டர் செய்துவிடலாம் என்ற பேச்சு, வெளிநாட்டு மாப்பிள்ளை அமைகிற வீடுகளில் இப்போது மிகச் சாதாரணமாகிவிட்டது. மண்டபம் எது, சமையல் யார் என்பதோடு சேர்த்து இதையும் பேசி முடித்துவிடுகிறார்கள். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. விசாவுக்கு நாள் பிடிக்கும், கல்யாணமோ தை மாதம். பேப்பர் வேலையை இப்போதே ஆரம்பித்தால், தாலி கட்டும்போது பாதி தூரம் போயிருக்கலாம் என்ற கணக்குதான். எங்கள் அக்கா மகளுக்கு நிச்சயம் ஆன அன்று சம்பந்தி இதைச் சொன்னபோது, கூடத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். அதற்குப் பிறகு நடந்ததை இன்னும் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அது ஒருவழியாக முடிந்துவிட்டது. ஆனால் மாதம் தவறாமல் யாராவது ஒருவர் போன் செய்து, “உங்க அக்கா மகளுக்கு எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்கிறார்கள்.

மாப்பிள்ளை நியூஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவர், அமெரிக்கக் குடிமகன். கதையே இதனால்தான் வேறு பாதையில் போனது. மாப்பிள்ளை ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் என்றால் பெண்ணுக்கு ஹெச்-4 என்ற துணைவர் விசா. அதற்குத் தனி மனு கிடையாது. திருமணச் சான்றிதழையும் அவருடைய வேலைக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு நேராக விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குடிமகன் என்றால் முதலில் அவர் அங்கே ஐ-130 என்ற மனுவைப் போட வேண்டும். குடியேற்றத் துறை அதை ஒப்புக்கொண்ட பிறகு கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், வருமான உறுதிமொழி, போலீஸ் சான்றிதழ் எல்லாம் முடிந்தபின் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். கிரீன் கார்டுக்காரர் மனைவியை அழைப்பதற்கு உள்ள வருடாந்தர எண்ணிக்கை வரம்பு குடிமகனின் மனைவிக்கு இல்லை என்பது ஒரு நிம்மதி. ஆனாலும் ஒவ்வொரு படியும் மாதக்கணக்கில் இழுக்கும். சம்பந்தி அவசரப்பட்டதில் நியாயம் இருந்தது.

எழுத்தர் கேட்ட கேள்வி

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நானும் அத்தானும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஆவண எழுத்தரிடம் போனோம். அத்தானின் வீட்டுப் பத்திரம் எழுதியவர், நல்ல பழக்கம். உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, பதிவுத்துறையின் இணையதளத்தைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்ப ஆரம்பித்தார். பெண்ணின் பெயரிலேயே ஒரு கால் மணி நேரம் போனது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருந்தது. “பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்க” என்று நான் சொன்னேன். இந்த ஒரு விஷயத்தை இதைப் படிப்பவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். அமெரிக்க விசாப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் உண்டு, இரண்டையும் நிரப்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக, அதுவும் குடும்பப் பெயர் கட்டத்தில் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யு என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பெற்றவர்கள் நட்சத்திரம் பார்த்து வைத்த பெயருக்கு அந்தக் கதி.

பெயர், வயது, முகவரி எல்லாம் தாண்டி எழுத்தர் அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

“கல்யாணம் என்னைக்கு நடந்தது சார்? எங்க?”

“தையில வெச்சிருக்கோம்” என்றார் அத்தான்.

எழுத்தர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “நடந்த கல்யாணத்தைத்தான் சார் பதிய முடியும். நடக்கப்போறதை எப்படிப் பதியறது?”

எங்களுக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பதிவு என்பதையே ஒரு கல்யாணம் மாதிரி நினைத்துக்கொண்டு போயிருந்தோம். எழுத்தர் எங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. தினமும் இப்படி வருகிறார்கள் போலிருக்கிறது. குரலைத் தணித்து, “ஒரு கோயில்ல வெச்சு மாலையை மாத்திட்டு, ரசீது வாங்கிட்டு வந்துடுங்க. அந்தத் தேதியைப் போட்டுடலாம். தையில நீங்க பெருசா பண்ணிக்குங்க, யார் கேக்கப் போறா?” என்றார்.

கோயில் அலுவலகத்தில் விசாரித்தால், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இதுதான் முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நியூஜெர்சிக்கு யார் சார் விஏஓ என்று அத்தான் கேட்டதில் அங்கிருந்த குமாஸ்தாவும் சிரித்துவிட்டார். அதற்கும் வழி இருந்தது. அமெரிக்காவில் விஏஓ சான்று மாதிரி ஒன்று கிடையாது. தான் மணமாகாதவர் என்று மாப்பிள்ளையே உறுதிமொழி எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தூதரகத்திலும் அதைச் செய்து தருகிறார்கள். ஆக வழி எல்லாம் திறந்துதான் கிடந்தது. நாங்கள் நின்றது காகிதம் கிடைக்காததால் அல்ல.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. “சாமி முன்னாடி மாலை மாத்திட்டா அது கல்யாணம். அப்புறம் தையில எதுக்கு இன்னொரு தடவை?” என்பதோடு அவள் வாதம் முடிந்தது. அத்தானோ, “இது சும்மா பேப்பருக்குத்தான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் அரை மணி நேரம் பேசினார்கள். பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மாமா, அப்படிப் பண்ணினா அன்னைக்கு ராத்திரி நான் எந்த வீட்டுல இருப்பேன்?”

கூடத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். அவள் இங்கேதான் இருப்பாள். கோயிலில் மாலை மாற்றிவிட்டு வந்து, வழக்கம்போலத் தன் அறையில் படுத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போவாள். மாப்பிள்ளை அவருடைய பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவார், வாரக் கடைசியில் விமானம் ஏறிவிடுவார். தை வரை அக்கம்பக்கத்துக்கு அவள் கல்யாணம் ஆகாத பெண். பதிவுத்துறைக்கும் அமெரிக்க அரசுக்கும் மனைவி. அவருடன் ஒரு சினிமாவுக்குப் போகக்கூட நம் வீடுகளில் யோசிப்பார்கள். ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் சம்பந்தம் முறிந்தால், அவள் போக வேண்டியது குடும்ப நீதிமன்றத்துக்கு. இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, விதிவிலக்கான கஷ்டம் இருந்தாலொழிய, திருமணமான ஓராண்டுக்குள் விவாகரத்து மனுவே போட முடியாது. நிச்சயம் முறிந்தால் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மனைவிக்குரிய பொறுப்பு எல்லாம் அன்றைக்கே வந்துவிடும், மனைவியாக வாழும் உரிமை மட்டும் ஏழு மாதம் கழித்து. இந்தக் கணக்கு அவளுக்கு ஒரு கேள்வியில் விளங்கியிருந்தது. காகிதம் தேடி அலைந்த ஆண்களான எங்களுக்கு அது தோன்றவில்லை.

“சும்மா பேப்பருக்கு” என்று ஒன்று உண்டா?

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பற்றி. இரண்டு பேருமே விமானிகள். 2021-இல் நிச்சயமாகி, அதே ஆண்டு ஒரு சங்கத்திடம் திருமணம் நடந்ததாகச் சான்று வாங்கி உத்தரப்பிரதேசத்தில் பதிவும் செய்திருக்கிறார்கள். சடங்கோடு கூடிய கல்யாணம் 2022 அக்டோபரில் நடப்பதாக ஏற்பாடு. அதற்குள் சண்டை, வழக்கு, விவாகரத்து மனு. நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் அகஸ்டின் ஜார்ஜ் மாசியும், சடங்கு நடக்காததால் திருமணமே நடக்கவில்லை, ஆகவே அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பதிவு என்பது நடந்த திருமணத்துக்குச் சாட்சி மட்டுமே. பதிவே திருமணத்தை உண்டாக்கிவிடாது. வெளிநாட்டு விசாவுக்காக நேரத்தை மிச்சப்படுத்தப் பெற்றோர் முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கத்தை அந்தத் தீர்ப்பே தனியாகக் குறிப்பிட்டுக் கண்டிக்கிறது. எங்கள் கூடத்தில் நடந்த பேச்சை யாரோ ஒட்டுக்கேட்டு எழுதியது போல இருந்தது.

“அப்போ கோயில் மாலையும் செல்லாதா?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு முற்றிலும் புதிது. அங்கே செல்லாமல் போகலாம், தமிழ்நாட்டில் அது செல்லும் என்றார். சுயமரியாதைத் திருமணங்களுக்காக அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவாக நம் மாநிலத்துக்கு இருக்கிறது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இரண்டு இந்துக்கள், இவரைக் கணவராக ஏற்கிறேன், இவரை மனைவியாக ஏற்கிறேன் என்று தங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினால் போதும். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம், ஏழடி வேண்டாம். பெரிய கூட்டமும் தேவையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால், ஐம்பதுகளில், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பால் தவித்த குடும்பங்களுக்கும் சேர்த்து, முன்பு நடந்த திருமணங்களையும் செல்லுபடியாக்கியது இந்தத் திருத்தம்.

அதாவது எழுத்தர் சொன்ன யோசனையில் பொய்யே இல்லை. கோயிலில் மாலை மாற்றினால் அதுதான் கல்யாணம். தையில் ஆயிரம் பேருக்குப் போடும் சாப்பாடு வெறும் விருந்து. சடங்கு எதுவும் செய்யாமல் ரசீது மட்டும் வாங்கினால் திருமணமே இல்லை. மாலை மாற்றினால் முழுத் திருமணம். “சும்மா பேப்பருக்கு” என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணம் தமிழ்நாட்டில் கிடையாது. அமெரிக்கச் சட்டமும் இங்கேதான் வந்து நிற்கிறது. எந்த ஊரில் திருமணம் நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி செல்லுமானால் தங்களுக்கும் செல்லும் என்பதுதான் அவர்களுடைய பொது விதி. நாத்திகம் பேசியவர்கள் போராடி வாங்கிய சட்டமும், சாமி முன்னாடி மாலை மாத்தினா கல்யாணம்தான் என்ற என் அக்காவின் பக்தியும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

நேர்மையான வழி ஒன்று அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கத்தான் செய்கிறது. கே-1 விசா என்று பெயர். கல்யாணம் ஆகாதவர்களுக்கானது, பெண் அங்கே போய் இறங்கிய 90 நாளுக்குள் திருமணம் செய்துகொள்ள வேண்டும். சம்பந்தியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். தாலி இல்லாமல் பெண்ணை விமானம் ஏற்றுவதா என்று அவரே அதிர்ந்துபோனார், அமெரிக்காவில் முப்பது வருடம் இருந்தவர். காகிதத்தில் மனைவியாக்கி இங்கே உட்கார வைப்பதில் அவருக்குக் கூச்சமில்லை. காகிதத்தில் வெறும் நிச்சயமான பெண்ணாக அங்கே வருவதில்தான் கூச்சம். எங்கள் பக்கமும் அப்படித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் முடிவெடுத்தது பெண்தான். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசினாள். தையில் கல்யாணம், அன்றைக்கே நான் உங்கள் மனைவி, அதற்கு அப்புறம் மனு. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். சம்பந்தி வீட்டில் கொஞ்ச நாள் முகம் வாடியது. “உங்க சந்தேகத்தால பிள்ளைங்கதான் கஷ்டப்படப் போறாங்க” என்று அந்த அம்மா போனில் அக்காவிடம் சொன்னது அப்படியே பலித்தது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை கிளம்பிப் போன பிறகு, புதுத் தாலியோடு ஒரு வருடத்துக்கு மேல் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். முன்பே பதிந்திருந்தால் அந்தக் காலம் பாதியாகக் குறைந்திருக்கும். இரவில் அவள் போனில் பேசிவிட்டு வீங்கிய கண்ணோடு வரும்போதெல்லாம் அத்தான் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

எங்களுக்குத் தெரிந்த இன்னொரு வீட்டில் வேறு மாதிரி செய்தார்கள். ஆவணியில் கோயிலில் நாற்பது பேரோடு தாலி கட்டி, பெண்ணை அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைத்து, அந்த வாரமே பதிவு. தையில் வரவேற்பு மட்டும். பத்திரிகையிலும் வரவேற்பு என்றே அச்சடித்தார்கள். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சீக்கிரம் வேண்டுமென்றால் சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்வதுதானே! சிக்கல் வருவது, முதல் தேதியை ஊருக்கு மறைத்துவிட்டு இரண்டாவது தேதிக்கு முகூர்த்தப் பத்திரிகை அடிக்கிற வீடுகளில். மனுவில் ஒரு தேதி, பத்திரிகையில் ஒரு தேதி, ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் எல்லாம் இரண்டாவது தேதியில். நேர்காணலில் கல்யாணம் எப்போது என்று கேட்டால், உண்மையைச் சொல்லவே ஒரு முன்னுரை தேவைப்படும். போன் செய்பவர்களிடம் நான் இப்போது சட்டப் பிரிவெல்லாம் சொல்வதில்லை. அக்கா மகள் கேட்ட கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள், சிலர் ஆவண எழுத்தர் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வைத்துவிடுகிறார்கள்.

ஆல்பம் போதாது

தைக்குப் பிறகு பதிவு சுலபமாக முடிந்தது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்த மதமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்துவிட்டால் அலைச்சல் இல்லை. பத்திரிகை, படம், சாட்சிகள், கையெழுத்து, அவ்வளவுதான். அதன்பின் வந்தது நாங்கள் எதிர்பார்க்காத இன்னொரு வேலை. சான்றிதழ் மட்டும் ஐ-130 மனுவுக்குப் போதாது. இது விசாவுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல, மெய்யான திருமணம் என்றும் காட்ட வேண்டும். அதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணங்கள்: கூட்டாக வாங்கிய சொத்து, இரண்டு பேர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், சேர்ந்த வங்கிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். கல்யாணமாகி மூன்றாவது வாரம் கணவன் விமானம் ஏறிவிட்ட ஒரு பெண்ணிடம் இதில் எது இருக்கும்? பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணத்தில் தம்பதி சேர்ந்து வாழ்வதற்கே அந்த விசா வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் விசா. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

நம்மிடம் வேறு வகைச் சாட்சி ஏராளம், அவர்கள் பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை. மண்டப ரசீது, நகைக்கடைப் பில், பத்திரிகை, இரண்டு குடும்பமும் கைமாற்றிய செலவுக் கணக்கு. அக்கா மொய் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல ஆதாரம் ஏது? இன்ன ஊர், இன்னார், இவ்வளவு என்று அன்றைக்கே கைப்பட எழுதிய பதிவேடு. பொய்க் கல்யாணத்துக்கு யாராவது ஐநூறு ரூபாய் எழுதுவார்களா? ஆனால் தமிழில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் இரண்டு மொழியும் அறிந்தவர், பெயர்த்தது சரியானது என்ற கையெழுத்தும் வேண்டும். பத்திரிகையை நானே செய்து கொடுத்தேன். அதற்கு யாரும் பட்டம் கேட்பதில்லை. மொய் நோட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை தரப்பு வக்கீல் கும்பிடு போட்டுவிட்டார்.

அவர் கேட்டது படங்கள். ஆல்பத்தில் புகைப்படக்காரர் புகை விட்டு, பூத்தூவி, கடற்கரையில் ஓடவிட்டு எடுத்த படங்களை அவர் ஒதுக்கிவிட்டார். சம்பந்தி அம்மா சமையல்கட்டில் பெண்ணுக்குக் காபி கொடுப்பது, குலதெய்வக் கோயிலில் எல்லோரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது, விருந்துக்குப் போன வீடுகளில் கோணல்மாணலாக யாரோ கைபேசியில் எடுத்தது, இவைதான் வேண்டும் என்றார். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதினோம். பிரிந்திருந்த மாதங்களின் போன் அழைப்புப் பட்டியல், நடுவில் மாப்பிள்ளை ஒரு முறை வந்துபோன விமானச் சீட்டு, அக்காவும் நானும் தனித்தனியாக எழுதிய உறுதிமொழி எல்லாம் சேர்ந்தது. அந்த உறுதிமொழியை எழுதும்போது எந்தத் தேதியைப் போடுவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் அத்தானிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பார்வை குறைந்தது.

மும்பையில் அந்த அதிகாரி கல்யாணம் எங்கே, எப்போது, அவர் என்ன வேலை பார்க்கிறார், அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று சில கேள்விகள்தான் கேட்டாராம். நாங்கள் பைண்ட் செய்து அனுப்பிய தடித்த கோப்பை அவர் திறக்கவே இல்லை என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

காகித வேலை அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்காவிட்டால், கிடைப்பது இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவைப் போட்டு, கல்யாணம் மெய்யானது என்று மறுபடியும் காட்ட வேண்டும். முன்கூட்டியே பதிந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டை நெருங்கியிருப்போம், கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் தாண்டியும் இருக்கலாம் என்று சம்பந்தி கணக்குப் போட்டுச் சொன்னார், சிரித்துக்கொண்டுதான். அந்த மனுவுக்கான கெடு அடுத்த வருடம் வருகிறது. இந்த முறை வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வருமான வரி, கார் காப்பீடு எல்லாம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதாம். போன வாரம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பதிவுச் சான்றிதழின் சான்றிட்ட நகல் இன்னும் இரண்டு. அத்தான் அதே எழுத்தரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.